புத்தகம் படிக்க வந்தார். கூடவே துப்பாக்கியும் வந்தது!

நூல் நிலையம் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது என்ன?

வரிசை வரிசையாகப் புத்தக அலமாரிகள். நீளமான மேஜை. பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு மூக்குக் கண்ணாடியைத் துடைக்கும் பெரியவர். "உஸ்! பேசாதீர்கள்" என்று ஜாடை காட்டும் நூல் நிலைய அம்மாள். படம் போட்ட புத்தகத்துக்காகச் சண்டை போடும் இரண்டு குழந்தைகள்.

அந்த இடத்துக்குள் ஒருவர் துப்பாக்கியுடன் நுழைகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் திருடர் அல்ல. போலீஸ்காரரும் அல்ல. சாதாரண ஊர்க்காரர். யாரையும் அவர் மிரட்டவில்லை. ஒரு வார்த்தை கூடப் பேசவில்லை. எல்லாரையும் போல அலமாரிகளுக்கு நடுவே நடக்கிறார். துப்பாக்கி மட்டும் எல்லார் கண்ணிலும் படும்படி இருக்கிறது.

"ஐயா, துப்பாக்கியுடன் இங்கே வரக்கூடாது. வெளியே போங்கள்" என்று சொல்ல அந்த நூல் நிலையத்துக்கு அதிகாரம் உண்டா?

"இது என்ன கேள்வி? உண்டுதான்!" என்பீர்கள்.

அமெரிக்காவில் இந்தக் கேள்விக்காக ஒரு வழக்கே நடந்தது. "அதிகாரம் இல்லை" என்று கோர்ட்டு தீர்ப்புக் கூறியது!

லான்சிங் நகரில்...

அமெரிக்காவின் வடக்கே மிச்சிகன் என்று ஒரு மாநிலம். பெரிய பெரிய ஏரிகள் சூழ்ந்த பகுதி. மோட்டார் கார் தொழிலுக்குப் பெயர் போன டெட்ராயிட் நகரம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் மாநிலத்தின் தலைநகரம் டெட்ராயிட் அல்ல, லான்சிங். சட்டசபை அங்கேதான் கூடுகிறது.

லான்சிங் நகரமும் அதைச் சுற்றியுள்ள இங்காம் கவுண்டியும் சேர்ந்து ஒரு பொது நூல் நிலையத்தை ஏற்படுத்தின. (கவுண்டி என்பது ஏறக்குறைய நம்முடைய ஜில்லாவைப் போன்றது.) மக்கள் கட்டும் வரிப்பணத்தில் அது நடக்கிறது. பல ஊர்களில் அதற்குக் கிளைகள் உண்டு. யாரும் உள்ளே போகலாம். நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கலாம். ஏன் என்று கேட்பார் இல்லை.

அமெரிக்க நூல் நிலையங்கள் புத்தகம் மட்டும் கொடுக்கும் இடங்கள் அல்ல. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் அங்கே போகிறார்கள். தாய் தந்தையர் வேலை முடிந்து வரும்வரை அதுதான் அவர்களுக்கு நிழல். கைக்குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு தாய்மார்கள் கதை கேட்கும் வகுப்பு நடக்கும். வேலை தேடுவோர் மனு எழுதுவார்கள். பனி கொட்டும் காலத்தில், வீடு வாசல் இல்லாத ஏழைகள் குளிருக்குப் பயந்து ஒதுங்குவதும் அங்கேதான்.

லான்சிங் நூல் நிலையத்தில் ஒரு விதி இருந்தது. "ஆயுதங்களுடன் உள்ளே வரக்கூடாது" என்பதே அது.

மிச்சிகனில் ஒரு சங்கம் இருக்கிறது. "மிச்சிகன் ஓப்பன் கேரி" என்று பெயர். துப்பாக்கியை மறைக்காமல், பகிரங்கமாக எடுத்துச் செல்லும் உரிமைக்காகப் பாடுபடும் சங்கம். 2010, 2011-ஆம் ஆண்டுகளில் இந்தச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் லான்சிங் நூல் நிலையத்துக்குத் துப்பாக்கியுடன் வந்தார்கள். கைத்துப்பாக்கியோடு வந்தவர்கள் உண்டு. ஒருவர் வேட்டைக்கு எடுத்துச் செல்லும் நீளமான துப்பாக்கியையே கொண்டுவந்துவிட்டார்!

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கே வாசகர்களுக்கு ஒரு விளக்கம் தேவை.

அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பது அந்த நாட்டு அரசியல் சட்டமே கொடுத்திருக்கும் உரிமை. 1791-ல் அரசியல் சட்டத்தில் சேர்த்த இரண்டாவது திருத்தத்தில் அது இருக்கிறது. அந்த உரிமை தனி மனிதனுக்கு உரியதா, ஊர்க்காவல் படைக்கு உரியதா என்று நெடுங்காலம் வாதம் நடந்தது. "தனி மனிதனுக்கு உரியதே" என்று 2008-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில், பள்ளிக்கூடங்களிலும் சர்க்கார் கட்டிடங்களிலும் துப்பாக்கிக்குத் தடை போடும் சட்டங்களை இந்தத் தீர்ப்பு பாதிக்காது என்றும் கூறியது.

பகிரங்கமாகத் துப்பாக்கி எடுத்துச் செல்வது மிச்சிகனில் பொதுவாகக் குற்றம் அல்ல. மறைத்து எடுத்துச் செல்லத்தான் லைசென்சு வேண்டும். லைசென்சு உள்ளவரும் மறைத்துக்கொண்டு போகக்கூடாத இடங்கள் என்று மாநிலச் சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மதுக்கடை, வழிபாட்டு இடம், விளையாட்டு அரங்கம் எல்லாம் அதில் உண்டு. வழக்கு நடந்த காலத்தில் அந்தப் பட்டியலில் நூல் நிலையம் இல்லை.

ஆகவே சங்கத்தார் சொன்னார்கள்: "நாங்கள் குற்றம் செய்யவில்லை. யாரையும் சுடவில்லை. சட்டம் அனுமதித்ததைச் செய்கிறோம். உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது துருப்பிடித்துப் போகும்."

நூல் நிலையத்தாரின் கவலை வேறு. வருகிறவர் நல்லவரா, கெட்டவரா என்று அவர் நெற்றியில் எழுதியா இருக்கிறது? மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாளுக்குத் தெரிவது துப்பாக்கி ஒன்றுதான். சட்டத்தை மதிக்கும் சங்கத்துக்காரரும், கொலை செய்யத் துணிந்து வந்தவனும், முதல் குண்டு வெடிக்கும்வரை பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருப்பார்கள். வெடித்த பிறகு வித்தியாசம் தெரிந்து என்ன பயன்?

கோர்ட்டுக்குப் போனார்கள்

2011-ல் நூல் நிலையம் வழக்குத் தொடர்ந்தது. உள்ளூர்க் கோர்ட்டில் நூல் நிலையம் ஜெயித்தது. "துப்பாக்கியுடன் போகக்கூடாது" என்று தடை உத்தரவு பிறந்தது.

சங்கம் அப்பீல் செய்தது.

வழக்கின் உயிர்நாடி, 1990-ல் மிச்சிகன் சட்டசபை செய்த ஒரு சட்டம். "துப்பாக்கி விஷயத்தில் உள்ளூர் ஸ்தாபனங்கள் தங்கள் இஷ்டத்துக்கு விதி செய்யக்கூடாது. மாநிலம்தான் செய்யும்" என்பது அதன் சாரம். உள்ளூர் ஸ்தாபனம் என்றால் என்ன? சட்டமே விளக்கம் கொடுத்திருந்தது. நகரம், கிராமம், டவுன்ஷிப், கவுண்டி. நான்கே நான்கு சொற்கள்.

நூல் நிலையத்தின் வக்கீல் பிடித்துக்கொண்டது இந்த நான்கு சொற்களைத்தான். "நாங்கள் நகரமா? இல்லை. கிராமமா? இல்லை. டவுன்ஷிப்பா, கவுண்டியா? அதுவும் இல்லை. நாங்கள் நூல் நிலையம்! அந்தச் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது" என்பது அவர்கள் கட்சி.

நல்ல வாதம்தான். எனக்கு அது சரியாகவே படுகிறது. ஆனால் எதிர்த்தரப்பு வாதத்தையும் தள்ளிவிட முடியாது. ஒரு நகரமும் ஒரு கவுண்டியும் சேர்ந்து ஏற்படுத்தியது இந்த நூல் நிலையம். நகரத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. கவுண்டிக்கும் இல்லை. இல்லாத இரண்டு பேர் கூட்டுச் சேர்ந்ததும் அதிகாரம் மட்டும் எங்கிருந்து முளைக்கும்?

2012 அக்டோபர் 25-ந் தேதி அப்பீல் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. மூன்று நீதிபதிகளில் இரண்டு பேர் சங்கத்தின் பக்கம். ஒருவர் நூல் நிலையத்தின் பக்கம். "நான்கு சொற்களில் நூல் நிலையம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் துப்பாக்கி பற்றிய விஷயம் முழுவதையும் மாநிலமே தன் கையில் எடுத்துக்கொண்டிருக்கிறது. மாநிலம் முழுவதற்கும் ஒரே விதி வேண்டும். ஆகையால் நூல் நிலையம் தனியாக விதி போட முடியாது" என்பது பெரும்பான்மைத் தீர்ப்பின் கருத்து.

மறு ஆண்டில், மாநில சுப்ரீம் கோர்ட்டு அப்பீலை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். நூல் நிலையத்தில் துப்பாக்கி இருப்பது நல்லதா, கெட்டதா என்பது அல்ல வழக்கு. அதைத் தீர்மானிப்பது யார் என்பதே வழக்கு. கதவைத் திறந்து மூடுகிறவர்களா, சட்டசபையில் உட்கார்ந்திருப்பவர்களா?

இரண்டு ஊர்களின் கதை

மாநிலங்கள் ஏன் இப்படி ஊர்களின் கையைக் கட்டின?

அமெரிக்காவில் சிகாகோ நகருக்கு அருகே மார்ட்டன் குரோவ் என்று ஒரு சிற்றூர். 1981-ல் அந்த ஊர் சபை ஒரு சட்டம் போட்டது. "இந்த ஊரில் யாரும் கைத்துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது!" கோர்ட்டில் வழக்கு நடந்தும் அந்தச் சட்டம் அப்போது நிலைத்தது.

தெற்கே ஜார்ஜியா மாநிலத்தில் கென்னசா என்று இன்னொரு ஊர். மார்ட்டன் குரோவ் செய்ததைக் கேள்விப்பட்டதும் அந்த ஊர்க்காரர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. 1982-ல் அவர்களும் ஒரு சட்டம் போட்டார்கள். "இந்த ஊரில் ஒவ்வொரு குடும்பத் தலைவரும் கட்டாயம் துப்பாக்கி வைத்திருக்க வேண்டும்!" (சமயக் கொள்கை காரணமாக வேண்டாம் என்பவர்களுக்கு விலக்கு உண்டு.)

ஓர் ஊரில் வைத்திருந்தால் குற்றம். இன்னோர் ஊரில் வைத்திருக்காவிட்டால் குற்றம்!

இதைப் பார்த்ததும் துப்பாக்கிச் சங்கங்கள் விழித்துக்கொண்டன. அவற்றில் பெரியது 1871-ல் தோன்றிய தேசியத் துப்பாக்கிச் சங்கம். மார்ட்டன் குரோவைப் பார்த்து மற்ற ஊர்களும் கிளம்பினால் என்ன ஆவது? ஆயிரக்கணக்கான ஊர் சபைகளோடு மல்லுக்கட்டுவதை விட, 50 மாநிலச் சட்டசபைகளைப் பிடிப்பது எளிது அல்லவா? "ஊர்கள் தலையிடக் கூடாது" என்ற சட்டங்கள் மாநிலம் மாநிலமாக நிறைவேறின. பின்னர் 40-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் ஏதோ ஒரு வடிவத்தில் இத்தகைய சட்டம் வந்துவிட்டது.

அவர்கள் சொல்லும் காரணத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒருவர் லைசென்சுடன் துப்பாக்கியைக் காரில் வைத்துக்கொண்டு புறப்படுகிறார். வழியில் பத்து ஊர்கள். ஓர் ஊரில் சரி, அடுத்த ஊரில் தப்பு, அதற்கடுத்த ஊரில் பாதி சரி என்றால் அவர் எத்தனை சட்டப் புத்தகங்களைப் படித்துவிட்டு வண்டியைக் கிளப்புவார்? ஊர் எல்லையைத் தாண்டியதும் நல்ல மனிதர் குற்றவாளி ஆகிவிடுவாரே!

நெடுஞ்சாலைக்கு இது பொருத்தமான பேச்சு. நூல் நிலையத்துக்குப் பொருந்துமா? நூல் நிலையம் போகிற வழியில் கடக்கும் இடம் அல்ல. வேண்டுமென்றே கதவைத் திறந்துகொண்டு நுழையும் இடம். கதவிலேயே ஒரு போர்டு இருந்தால் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. இது என் அபிப்பிராயம்.

போர்டு வைத்தால் அபராதம்!

சில மாநிலங்கள் இன்னும் ஒரு படி மேலே போயின.

புளோரிடா மாநிலத்தில் 1987 முதலே ஊர்கள் துப்பாக்கி விதி செய்யக்கூடாது. ஆனாலும் பல ஊர்களில் பழைய விதிகளும் போர்டுகளும் அப்படியே கிடந்தன. மீறினால் தண்டனை இல்லையே! 2011-ல் சட்டசபை தண்டனையைச் சேர்த்தது. தெரிந்தே விதியை மீறும் உள்ளூர் அதிகாரிக்கு 5,000 டாலர் வரை அபராதம். அதைச் சொந்தப் பணத்தில் கட்ட வேண்டும்! கவர்னர் அவரைப் பதவியிலிருந்தும் நீக்கலாம். பாதிக்கப்பட்டவர் வழக்குப் போட்டால் 1,00,000 டாலர் வரை நஷ்ட ஈடு கிடைக்கலாம்.

அவ்வளவுதான். பூங்காக்களிலும் சர்க்கார் கட்டிடங்களிலும் இருந்த போர்டுகளை அவசர அவசரமாகக் கழற்றினார்கள். "மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களுக்கு இப்படித் தண்டனை விதிக்கலாமா?" என்று நகரங்கள் வழக்குப் போட்டன. 2023-ல் புளோரிடா சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தண்டனைகள் செல்லும் என்று கூறிவிட்டது.

டெக்சாஸ் மாநிலத்திலோ போர்டுக்கே தண்டனை! துப்பாக்கியைத் தடுக்க அதிகாரம் இல்லாத சர்க்கார் கட்டிடத்தில் "துப்பாக்கியுடன் வராதே" என்று போர்டு வைத்தால் அபராதம் என்று 2015-ல் சட்டம் வந்தது. முதல் தடவை நாள் ஒன்றுக்கு 1,000 முதல் 1,500 டாலர். மறு தடவை நாள் ஒன்றுக்குக் குறைந்தது 10,000 டாலர்!

போர்டு குண்டைத் தடுக்குமா?

"கொலைகாரன் போர்டைப் படித்துவிட்டா திரும்பிப் போவான்?" என்று துப்பாக்கிச் சங்கத்தார் கேட்கிறார்கள்.

இது அலட்சியம் செய்யக்கூடிய கேள்வி அல்ல. நியூ மெக்சிகோ மாநிலத்தில் குளோவிஸ் என்று ஒரு சிறு நகரம். 2017 ஆகஸ்டு 28-ந் தேதி, பள்ளிக்கூடம் தொடங்கியிருந்த நாட்கள். மாலை வேளையில், 16 வயதுப் பையன் ஒருவன் ஊர்ப் பொது நூல் நிலையத்துக்குள் நுழைந்து சுடத் தொடங்கினான். அங்கே வேலை பார்த்த இரண்டு பெண்கள் உயிரிழந்தார்கள். நான்கு பேர் காயமடைந்தார்கள்.

அந்த மாநிலத்தில் "ஊர்கள் தலையிடக் கூடாது" என்பது வெறும் சட்டம் அல்ல. 1986-ல் மாநிலத்தின் அரசியல் சட்டத்திலேயே அதைச் சேர்த்துவிட்டார்கள். ஆனால் இந்தக் கொலைக்கு அதைக் காரணம் காட்டினால் அது நேர்மை ஆகாது. 18 வயது ஆகாதவர் கைத்துப்பாக்கி வைத்திருப்பதே, சில விலக்குகள் தவிர, நாடு முழுவதும் குற்றம். அந்தச் சட்டத்தையே மதிக்காதவன் கதவில் இருக்கும் போர்டை மதித்திருப்பானா?

அப்படியானால் போர்டு எதற்கு?

கொலை நடக்கும் ஒரு நாளுக்காக அல்ல, நடக்காத மற்ற நாட்களுக்காக. துப்பாக்கியுடன் ஒருவர் குழந்தைகள் பகுதிப் பக்கம் நடக்கிறார். கதை கேட்டுக்கொண்டிருந்த தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேஜைக்கு ஓடி வருகிறார். "அம்மா, அவரை வெளியே அனுப்புங்கள்" என்கிறார். விதி இருந்தால் நூல் நிலைய அம்மாள் எழுந்து போய்ச் சொல்லலாம். கேட்காவிட்டால் போலீசைக் கூப்பிடலாம். விதி இல்லாவிட்டால் என்ன சொல்வார்? "அவர் சட்டப்படிதான் நடக்கிறார். எங்களுக்கு அதிகாரம் இல்லை" என்றுதான் சொல்ல வேண்டும். அந்தத் தாய் மறு வாரம் கதை கேட்க வருவாரா?

கழற்றிய கையே மாட்டியது!

வாஷிங்டன் மாநிலத்தில் நடந்தது வேடிக்கையானது. (இது தலைநகரமான வாஷிங்டன் அல்ல, மேற்குக் கடற்கரையில் உள்ள மாநிலம்.) அங்கே சியாட்டில் என்ற பெரிய நகரம். அந்த நகரப் பொது நூல் நிலையத்தில் ஆயுதங்களுக்குத் தடை இருந்தது. "மாநிலச் சட்டப்படி உங்களுக்கு இந்த அதிகாரம் கிடையாது" என்று எதிர்ப்பு வந்தது. 2013-ல் நூல் நிலையம் துப்பாக்கித் தடையை விலக்கிக்கொண்டது.

பதினோரு ஆண்டுகள் கழிந்தன. 2024-ல் அதே மாநிலச் சட்டசபை ஒரு சட்டம் செய்தது. பொது நூல் நிலையங்கள், மிருகக்காட்சி சாலைகள், மீன் காட்சி சாலைகள், பஸ்-ரெயில் நிலையங்கள் ஆகியவற்றில் துப்பாக்கி கூடாது என்பது அந்தச் சட்டம். அந்த ஆண்டு ஜூன் மாதம் அமுலுக்கு வந்தது. மறைத்து எடுத்துச் செல்ல லைசென்சு உள்ளவர்களுக்கு மட்டும் விலக்கு.

சியாட்டில் நகரம் தன் ஊருக்கு வைத்துக்கொள்ள முடியாத விதியை, மாநிலம் எல்லா ஊர்களுக்கும் சேர்த்து வைத்துவிட்டது. வேண்டும் என்ற ஊருக்கும் அதே விதி. வேண்டாம் என்ற ஊருக்கும் அதே விதி. முன்பு துப்பாக்கிச் சங்கத்துக்கு இனித்த மாநில அதிகாரம் இப்போது கசந்தது!

வர்ஜீனியா மாநிலம் வேறு வழியில் போனது. 2019 மே 31-ந் தேதி வர்ஜீனியா பீச் நகரில், நகரசபைக் கட்டிடத்துக்குள் ஒருவன் சுட்டதில் 12 பேர் மாண்டார்கள். கவர்னர் சட்டசபையின் விசேஷக் கூட்டத்தைக் கூட்டினார். ஒன்றரை மணி நேரத்தில், ஒரு சட்டமும் செய்யாமல், கூட்டம் கலைந்தது! அந்த ஆண்டு நவம்பரில் தேர்தல் வந்தது. சட்டசபை கட்சி மாறியது. 2020 ஜூலை முதல், தங்கள் கட்டிடங்களிலும் பூங்காக்களிலும் துப்பாக்கியைத் தடை செய்யும் அதிகாரத்தை மாநிலம் ஊர்களிடமே கொடுத்தது. ஒரு நிபந்தனை உண்டு: எல்லா வாசலிலும் போர்டு வைத்தே ஆக வேண்டும்.

டெக்சாசில் போர்டு வைத்தால் அபராதம். வர்ஜீனியாவில் வைக்காவிட்டால் விதி செல்லாது!

கொலராடோ மாநிலமும் 2021-ல் அதிகாரத்தை ஊர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. அங்கே போல்டர் நகரம் சிலவகைத் துப்பாக்கிகளுக்குத் தடை போட்டிருந்தது. மாநிலச் சட்டத்துக்கு விரோதம் என்று அந்த ஆண்டு மார்ச்சு 12-ந் தேதி கோர்ட்டு அந்தத் தடையைத் தள்ளியது. பத்தே நாளில், அதே ஊர் மளிகைக் கடையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 10 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் சட்டசபை அசைந்தது. நியூயார்க் மாநிலம் 2022-ல் துப்பாக்கி கொண்டுபோகக்கூடாத இடங்களின் பட்டியலில் நூல் நிலையத்தைப் பெயர் சொல்லியே சேர்த்தது.

பாட்டுக் கச்சேரியில் துப்பாக்கி

மறுபடியும் மிச்சிகனுக்கு வருவோம். அந்த நான்கு சொற்களின் கதை இன்னும் முடியவில்லை.

2015 மார்ச்சு மாதம். ஆன் ஆர்பர் என்ற ஊரில் ஓர் உயர்நிலைப் பள்ளி. அங்கே பிள்ளைகளின் பாட்டுக் கச்சேரி. பிள்ளைகள் பாடுவதைக் கேட்கத் தாய் தந்தையர் கூடியிருந்தார்கள். வந்தவர்களில் ஒருவர் இடுப்பில் துப்பாக்கி, எல்லாரும் பார்க்கும்படியாக!

பள்ளிக்கூடத்தில் துப்பாக்கி கூடாது என்று மாநிலச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருந்தது, அதில் ஒரு சந்தும் இருந்தது. மறைத்து எடுத்துச் செல்ல லைசென்சு உள்ளவர் பள்ளிக்கூடத்தில் மறைத்துக்கொண்டு போகக்கூடாது. ஆனால் மறைக்காமல் போகலாம்!

பள்ளி நிர்வாகம் "யாரும் எந்தத் துப்பாக்கியும் கொண்டுவரக்கூடாது" என்று விதி செய்தது. துப்பாக்கி உரிமைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். அவர்கள் நம்பியது நூல் நிலைய வழக்கின் தீர்ப்பை.

2018 ஜூலை 27-ந் தேதி மாநில சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. நான்கு நீதிபதிகள் ஒரு பக்கம், மூன்று பேர் மறு பக்கம். பள்ளிக்கூடம் ஜெயித்தது! "நகரம், கிராமம், டவுன்ஷிப், கவுண்டி என்றுதான் சட்டசபை எழுதியிருக்கிறது. பள்ளிகளை எழுதவில்லை. எழுதாததை நாங்கள் சேர்க்க முடியாது" என்பது தீர்ப்பின் கருத்து.

லான்சிங் நூல் நிலையத்தின் வக்கீல் ஆறு ஆண்டுகளுக்கு முன் சொன்ன அதே வாதம்! அப்போது தோற்றது, இப்போது ஜெயித்தது. நூல் நிலையத்தார் அந்தத் தீர்ப்பைப் படித்தபோது என்ன நினைத்திருப்பார்களோ!

சட்டசபைக்குள்ளேயே...

லான்சிங் நகரில் கேப்பிட்டல் அவென்யூ என்று ஒரு வீதி. மிச்சிகன் சட்டசபைக் கட்டிடம் அந்த வீதியில்தான் இருக்கிறது. வழக்கில் அடிபட்ட நூல் நிலையமும் அதே வீதியில், சிறிது தூரம் தள்ளி இருக்கிறது.

2020 ஏப்ரல் 30-ந் தேதி. கொரோனா நோய்க்காகக் கவர்னர் போட்ட கட்டுப்பாடுகளை எதிர்த்து ஒரு கூட்டம் சட்டசபைக் கட்டிடத்துக்குள் புகுந்தது. பலர் கையில் நீளத் துப்பாக்கிகள். அவர்கள் மேல்மாடத்தில் நின்றார்கள். கீழே உறுப்பினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் குண்டு துளைக்காத சட்டை அணிந்திருந்தார்கள். துப்பாக்கி கொண்டுவந்தவர்களை வெளியே அனுப்ப வழி இல்லை. அந்தக் கட்டிடத்துக்குள் கோஷ அட்டை கொண்டுவரக்கூடாது என்று விதி இருந்தது. துப்பாக்கிக்கு விதி இல்லை!

அந்தக் கட்டிடத்தைப் பராமரிப்பதற்கு ஒரு கமிஷன் உண்டு. 2021 ஜனவரியில் கமிஷன் கூடியது. சட்டசபைக் கட்டிடத்துக்குள் யாரும் பகிரங்கமாகத் துப்பாக்கி எடுத்துவரக் கூடாது என்று விதி செய்தது. 2023-ல் மறைத்துக் கொண்டுவரும் துப்பாக்கிக்கும் பொதுமக்களுக்குத் தடை வந்தது.

அதற்கு யாரும் வழக்குப் போய்ப் பத்து ஆண்டு காத்திருக்கவில்லை. கமிஷன் ஓட்டுப் போட்டதும் முடிவானது.